ஐந்து மாதக் கணக்கு

பெண்ணாடத்துக்கு நான் போனது தூங்கானை மாடத்தைத் தரிசிப்பதற்காக அல்ல. வெள்ளாற்றங்கரைக் காற்றை வாங்கிக்கொண்டு நாலு நாள் நாவல் எழுதலாம் என்றும் அல்ல. கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்த நண்பனுடைய அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. "நீ ஒரு நடை வந்துவிட்டுப் போ. இதை உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது" என்று நண்பன் டெலிபோனில் சொன்னான். வைத்திய விஷயத்தில் ஒரு நாவலாசிரியனிடம் கேட்க என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே ரயில் ஏறினேன். யோசித்தது போதாது என்பது அங்கே போன பிறகு தெரிந்தது.

அண்ணன் ரிட்டையரான கணக்கு வாத்தியார். அந்த வட்டாரத்தில் ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் பாதிப் பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். சில மாதங்களாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடியை மாற்றினார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள் காலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் வலிப்பு வந்து கீழே விழுந்தார். படம் எடுத்துப் பார்த்ததில் மூளையில் கட்டி. டாக்டர்கள் கிளையோபிளாஸ்டோமா என்று பெயர் சொன்னார்கள். மூளையில் தோன்றும் புற்றுக் கட்டிகளிலேயே பொல்லாதது அது. தலையைத் திறந்து எடுக்க முடிந்தவரை எடுத்தார்கள். ஆறு வாரம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அதன் பிறகு டெமோசோலமைடு என்ற மாத்திரை. எல்லாம் முறைப்படிதான் நடந்திருந்தது. அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் போன அன்று அண்ணன் திண்ணையில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். அவரை எழுப்ப வேண்டாம் என்று நண்பன் என்னைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போனான். அங்கே கிணற்றடியில் அண்ணி, அவருடைய மகன், நண்பன், நான் ஆகிய நாலு பேரும் திருடர்களைப் போல் கிசுகிசுவென்று பேசினோம். ஏனென்றால், "அவருக்கு ஒன்றும் தெரியாது."

சென்னையிலிருந்து ஒரு மனிதர் வந்துவிட்டுப் போயிருக்கிறார். டாக்டர் அல்ல; டாக்டர்களைத் தெரிந்தவர். அயல் நாட்டில் ஒரு புதிய சிகிச்சை வந்திருக்கிறதாம். கட்டிக்குள்ளேயே ஒரு சின்ன மின்சாரக் கருவியைப் பதித்துவிடுவார்களாம். "நம்ம ஊரிலே எத்தனை பேர் நெஞ்சிலே பேஸ்மேக்கர் வச்சிக்கிட்டு நடமாடுறாங்க? அதே மாதிரிதாம்மா" என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். செலவு முப்பத்தெட்டு லட்சம், பாதி முன்பணம். ஆற்றோரம் இருக்கும் இரண்டு ஏக்கர் கரும்பு நிலத்துக்கு ஆள் பார்த்தாகிவிட்டது. அடுத்த வாரம் பத்திரம்.

"அந்த ஆள் சொல்றத நாங்க அப்படியே நம்பிடல சித்தப்பா" என்றான் அண்ணனுடைய மகன். "நாங்களும் படிச்சோம்ல?" பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினான்.

வாசகர்களே, அது நான் எழுதிய கட்டுரை!

2018-ஆம் ஆண்டில் ஒரு வாரப் பத்திரிகைக்காக எழுதியது. ஆசிரியர் இரண்டு பக்கம் காலியாக இருக்கிறது என்றார். விஞ்ஞான விந்தை ஏதாவது எழுதுங்கள் என்றார். ஒரு பிற்பகலில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். 'கொல்லாமல் கொல்லும் மின்சாரம்' என்று தலைப்பு. தலைப்பைப் பார்த்து எனக்கே என் மேல் ஒரு மதிப்பு ஏற்பட்டது ஞாபகம் இருக்கிறது. கடைசிப் பத்தியில், "நாளை இந்தக் கருவியை உடலுக்குள்ளேயே பதித்துவிடுவார்கள், புற்றுநோய் என்ற சொல்லே அகராதியின் பழைய பதிப்புகளில் மட்டும் இருக்கும்" என்று முத்தாய்ப்பு வைத்திருந்தேன். அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. கோடு போட்டவர் சென்னையிலிருந்து வந்த அந்த மனிதர்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புளுகு எழுதிவிட்டேனா என்றால் இல்லை. அதுதான் இதில் மோசமான சங்கதி. அந்தக் கட்டுரையில் ஒரு பொய்யான வாக்கியம்கூடக் கிடையாது, அந்தக் கடைசி ஜோசியத்தைத் தவிர. ஆனால் என் மேஜை மேல் இருந்த ஓர் எண்ணை நான் எழுதாமல் விட்டிருந்தேன். அதை எழுதினால் நடை கெட்டுப்போகும் என்று விட்டேன்.

அந்த எண் என்ன என்று சொல்வதற்கு முன்னால், கருவி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இஸ்ரேலில் டெக்னியன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த யோராம் பால்டி என்பவருடைய யோசனை இது. 2000-ஆம் ஆண்டில் இதற்காக ஒரு கம்பெனி தொடங்கினார். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே தறியில் பாவு ஓட்டியதுபோல் நுண்ணிய இழைகள் உருவாகின்றன. அந்த இழைகளைக் கட்டும் துணுக்குகளுக்கு ஒரு முனை நேர்மின்னாகவும் மறுமுனை எதிர்மின்னாகவும் இருக்கும். வெளியிலிருந்து ஒரு மெல்லிய மின்புலத்தைச் செலுத்தி, அதன் திசையை நொடிக்கு இரண்டு லட்சம் தடவை மாற்றிக்கொண்டே இருந்தால், துணுக்குகள் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தடுமாறும். பாவு சிக்கலாகிவிடும், பிரிய வந்த அணு பிரிய முடியாமல் மடியும். மூளையின் நல்ல அணுக்கள் பெரும்பாலும் பிரிவதில்லை. ஆகவே அவற்றுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. எவ்வளவு அழகான யோசனை! இதைப் படித்து ஒரு கதாசிரியனுக்கு மயக்கம் வந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் கருவி உள்ளே பதிப்பதல்ல. தலையை மழுங்கச் சிரைத்து, நாலு பட்டைகளை மண்டையில் ஒட்டி, கம்பி இழுத்து, மின்கலத்தைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். நாளைக்குப் பதினெட்டு மணி நேரமாவது அது தலையில் இருக்க வேண்டும். பட்டை ஒட்டிய இடத்தில் தோல் புண்ணாகும். 2011-இல் அமெரிக்க அரசாங்கம், கட்டி திரும்ப வந்தவர்களுக்கு இதை உபயோகிக்கலாம் என்று அனுமதித்தது. 2015-இல் புதிதாக நோய் கண்டவர்களுக்கும் அனுமதித்தது. முதல் அனுமதிக்கு ஆதாரமான சோதனையில் 237 பேர். கருவி மாட்டிக்கொண்டவர்கள் 6.6 மாதமும், மருந்து சாப்பிட்டவர்கள் 6 மாதமும் இருந்தார்கள். அதாவது மருந்தைவிடக் கருவி மேலானது என்று நிரூபணமாகவில்லை, கிட்டத்தட்டச் சமம். இரண்டாவது சோதனை பெரியது, 695 பேர். முடிவு 2017 டிசம்பரில் வெளிவந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்கள் 16 மாதம்; மாத்திரையோடு கருவியும் மாட்டிக்கொண்டவர்கள் 20.9 மாதம்.

நான் எழுதாமல் விட்ட எண் இதுதான். ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவு.

'ஐந்து மாதமா, பூ!' என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் நான் அவரோடும் சண்டைக்குத்தான் வருவேன். டெமோசோலமைடு மாத்திரையை 2005-இல் எல்லா டாக்டர்களும் ஏற்றுக்கொண்டார்களே, அது எத்தனை மாதம் கூட்டிக் கொடுத்தது தெரியுமா? இரண்டரை மாதம். 12.1 மாதம் 14.6 ஆயிற்று. இந்த நோயில் முன்னேற்றம் என்பது அப்படி அடி அடியாகத்தான் நகர்ந்திருக்கிறது. அதே 2017-ஆம் வருஷத்து முடிவில் இன்னொன்றும் இருக்கிறது: ஐந்து வருஷம் கழித்துப் பார்க்கும்போது கருவி மாட்டியவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர். அந்த எட்டுப் பேரின் வீட்டில் போய் 'பூ' என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. இதை மறுத்துப் பேசுகிற டாக்டர்களும் இருக்கிறார்கள். எதிர்த்தரப்புக்கு ஒரு போலிக் கருவியாவது மாட்டிச் சோதித்திருக்க வேண்டும், கருவி மாட்டியவர்களுக்குக் கவனிப்பு கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்பது அவர்கள் வாதம். இருக்கட்டும். அது அவர்களுடைய வழக்கு. என்னுடைய வழக்கு வேறு. இந்த எண்கள் யாவும் அச்சில் இருந்தன. என் கையில் இருந்தன. பெண்ணாடத்துக்குப் போய்ச் சேரவில்லை. என்னுடைய பெயரடைகள் மட்டும் போய்ச் சேர்ந்தன.

சரி, உள்ளே பதிக்கும் கருவி? அதையும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஸ்வீடனில் நோர்டன்ஸ்ட்ரோம் என்ற கதிரியக்க நிபுணர், நுரையீரல் கட்டிக்குள் பிளாட்டினம் கம்பியைச் செருகி மின்சாரம் பாய்ச்சி, அதைப் பற்றி 1983-இல் பெரிய புத்தகமே வெளியிட்டார். சீனாவில் அதைப் பின்பற்றி ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்தார்கள். ஆனால் மின்சாரம் பாய்ச்சாதவர்களோடு ஒப்பிட்டு ஒழுங்காகக் கணக்குப் பார்க்கவில்லை. ஆகவே பலன் என்ன என்று இன்றைக்கும் யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. பிரான்ஸில் மிர் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும், கட்டியில் மின் துடிப்பைக் கொடுத்து அணுவின் சவ்வைக் கொஞ்சம் திறந்துவிட்டு அதன் வழியாக மருந்தை உள்ளே அனுப்பும் முறையை 1991-இல் மனிதர்களிடம் சோதித்தார்கள். தோலில் வரும் கட்டிகளுக்கு ஐரோப்பாவில் இன்று அது வழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியை ராஜி சுந்தரராஜன் இந்தத் துறையைப் பற்றி 2014-இல் ஒரு நூலையே தொகுத்து வெளியிட்டிருக்கிறார். கனடாவில், மூளைக் கட்டிக்குள் மின்முனையை வைத்து இடைவிடாமல் சிறு மின்சாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எதில்? கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுக்களில், பிறகு எலிகளில்.

எலிகளுக்கும் அண்ணனுக்கும் நடுவே இருந்த தூரத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டியவன் நான். அந்த வாக்கியத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு முப்பத்தெட்டு லட்சம் கேட்டவர் அந்த மனிதர். எங்கள் இருவரில் அவர்தான் அயோக்கியர் என்று ஊரில் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். எனக்கு என்னவோ அவ்வளவு நிச்சயமில்லை.

மின்சாரத்தின் பெயரால் நோயாளியை ஏய்ப்பது நேற்றுத் தோன்றிய தொழில் அல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில், ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்தில் ஆல்பர்ட் ஏப்ரம்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். புற்று உட்பட சகல ரோகங்களையும் மின் அதிர்வினால் குணப்படுத்துவதாகச் சொல்லி ஒரு பெட்டியை வாடகைக்கு விட்டார். பெட்டியை யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்பது ஒப்பந்தம்! அவர் 1924-இல் காலமானார். பிறகு திறந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தவை சில கம்பிச் சுருள்களும் அற்ப சாமான்களும்தான். இதற்கு நேர்மாறானது அந்த மனிதர் உவமை சொன்ன பேஸ்மேக்கரின் சரித்திரம். 1958 அக்டோபர் 8-ஆம் தேதி, ஸ்வீடனில் ஆர்னே லார்ஸன் என்பவர் உடம்பில் முதன்முதலாக அதைப் பதித்தார்கள். சில மணி நேரத்தில் அது நின்றுபோயிற்று. வேறொன்று வைத்தார்கள். அவருடைய ஆயுளில் இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்ற வேண்டியிருந்தது. 2001 வரை, எண்பத்தாறு வயது வரை இருந்தார். முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அதனால்தான் நமக்கு அது தெரிந்திருக்கிறது. ஏப்ரம்ஸின் பெட்டிக்கும் லார்ஸனின் நெஞ்சுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் கம்பி இருந்தது. ஒன்றைத் திறந்து பார்க்கலாம். மற்றதைத் திறக்கக் கூடாது. எண்ணைச் சொல்லாமல் எழுதிய என் கட்டுரையும் திறக்கக் கூடாத பெட்டிதான்.

நம் நாட்டிலே இதற்கு முன்மாதிரி இல்லையா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பல வருஷம் போராடி, 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1957-இல் கோபால்ட் கதிர் இயந்திரம் அங்கே வந்தது. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விந்தை! அதை வைத்துக்கொண்டு எத்தனை அலங்காரமாக வேண்டுமானாலும் பேசியிருக்கலாம். அவர்கள் செய்தது என்ன? எண்ணினார்கள். 1981-இல் சென்னைக்கென்று ஒரு புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், மரணப் பதிவு வரைக்கும் துழாவி, எத்தனை பேருக்கு வந்தது, என்ன ஆனார்கள் என்று எழுதி வைத்தார்கள். சாந்தா அம்மையார் 2021 ஜனவரியில் மறைந்தபோது நாங்கள் எழுத்தாளர்கள் எல்லோரும் 'தியாகச் சுடர்' என்று இரங்கல் எழுதினோம். அந்த அம்மாளின் சேவையைப் புகழ்ந்தோம், எளிமையைப் புகழ்ந்தோம். அந்தப் பதிவேட்டைப் பற்றி எங்களில் எத்தனை பேர் ஒரு வரி எழுதினோம்?

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கதை எழுதிப் பிழைக்கிற எங்களுக்குப் புற்றுநோய் ரொம்ப உபகாரம் செய்திருக்கிறது. கதாநாயகியைக் கொல்ல வேண்டும், ஆனால் முகம் வாடக் கூடாது; உடனே புற்றுநோய். கல்யாணமானவனுக்கும் பழைய காதலனுக்கும் நடுவே அவளை நிறுத்த வேண்டும், உடனே புற்றுநோய். 1962-இல் வந்த ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தை நான் பிறகொரு நாள் பழைய டாக்கீஸ் ஒன்றில் பார்த்துத் தேம்பி அழுதிருக்கிறேன். நோயாளி பிழைக்கிறான், பிழைக்க வைத்த டாக்டர் உயிரை விடுகிறார். நல்ல படம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மாதிரிக் கதைகளிலே ஊறிப்போன நமக்கு, கடைசி அத்தியாயத்தில் யாராவது வந்துவிடுவார்கள் என்ற எண்ணம் எலும்பிலே ஏறிவிட்டது. வர வேண்டியவர் டாக்டராக வராவிட்டால், சென்னையிலிருந்து தோல்பை தூக்கிக்கொண்டு வருவார்.

இதை ஓர் ஆசிரிய நண்பரிடம் சொன்னபோது, "ஜனங்களுக்கு நம்பிக்கை கொடுப்பது நம் கடமை ஐயா. எண்ணைச் சொல்லி அவர்களைக் கொல்லச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். எண்ணைச் சொன்னால் நோயாளி செத்துப்போவானா என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சாட்சி பெண்ணாடத்துத் திண்ணையில் இருந்தார். ஆகையால் அங்கே திரும்பிப் போகிறேன்.

மறுநாள் காலை அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கோயில் வரைக்கும் போய் வருவோமா?" என்றார். மெல்ல நடந்தோம். இடது கால் கொஞ்சம் இழுத்தது. வெளிப் பிராகாரத்தில் நிழலாக ஓர் இடத்தில் உட்கார்ந்தோம். தூங்குகிற யானையின் முதுகைப் போல வளைந்திருக்கும் அந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அப்பருக்குச் சூலை தீர்ந்தது திருவதிகையிலே. அதற்கப்புறம்தான் இங்கே வந்தார். இங்கே வந்து கேட்டது என்ன? தோளிலே சூலமும் இடபமும் பொறிக்கணும்னு கேட்டார். நோய் தீரணும்னு இங்கே கேட்கலை. ஜனங்க இரண்டையும் போட்டுக் குழப்பிக்கிறாங்க."

எதற்காக இதைச் சொல்கிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "உன் கட்டுரையைப் படிச்சேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்போ அண்ணா?"

"பையன் அதைப் பரண் மேலே பெட்டிக்குள்ளே வச்சிருக்கான். நான் குடியிருக்கிற வீட்டிலே எனக்குத் தெரியாத பரணா? இரண்டு தரம் படிச்சேன். நல்லா எழுதியிருக்கே. ஒண்ணுதான் விளங்கலை. எத்தனை பேருக்கு மாட்டினாங்க, எத்தனை நாள் இருந்தாங்கன்னு போடலையே? கேள்வியை எழுதிட்டு விடையை எழுதாம விட்டா நான் மார்க் போடமாட்டேனே!"

சொன்னேன். 16, 20.9, பதின்மூன்று, ஐந்து எல்லாவற்றையும் சொன்னேன். எலிகளைப் பற்றியும் சொன்னேன். என் குரல் நடுங்கியது; அவருடையது நடுங்கவில்லை. "இந்தப் பதினாறு மாசம் சராசரியா, நடுவிலே நிற்கிற ஆளா?" என்று கேட்டார். நடுவில் நிற்கிற ஆள்தான் என்றேன். "அப்போ பாதிப் பேர் அவனுக்கு அந்தப் பக்கமும் இருக்காங்க" என்று சொல்லித் தலையாட்டிக்கொண்டார். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் நான் பார்த்தது நம்பிக்கை. என் கட்டுரையின் இரண்டு பக்கத்திலும் அந்தச் சரக்கு கிடையாது.

அமெரிக்காவில் அந்தத் தலைக் கருவிக்கு மாதம் 21,000 டாலர் பட்டியல் விலை என்று சொன்னேன். நம் பணத்தில் பதினேழு லட்சத்துக்கு மேல். மனத்துக்குள்ளேயே பெருக்கிப் பார்த்தார். "இருபது மாசத்துக்கு மூணு கோடிக்கு மேலே போகுது. முப்பத்தெட்டு லட்சத்துக்கு அவன் எதைப் பதிப்பான்?" என்று சிரித்தார். "நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் தலையிலே மாட்டணும்னா, மீதி ஆறு மணி. அதிலே தூக்கம் எங்கே, குளியல் எங்கே?" மாட்டிக்கொண்டே தூங்கலாம் என்று சொன்னேன். "சரி, அப்படின்னா அதைக் கழிச்சிடுவோம்" என்றார். கணக்குப் போடுகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தலை சுற்றியது.

அன்று மாலை திண்ணையிலேயே எல்லாரையும் உட்கார வைத்து, நிலத்தை விற்கக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். பத்திரம் நின்றது. சென்னை மனிதர் அப்புறம் டெலிபோனை எடுக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நான் புறப்படும்போது அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நீங்க ரெண்டு பேரும் கோயில்லே உட்கார்ந்து கணக்குப் போட்டுட்டு வந்துட்டீங்க. அஞ்சு மாசம் அவருக்குக் கணக்கு. எனக்கு அஞ்சு மாசம். அந்த நெசக் கருவிக்கே முடியும்னா நிலத்தை மட்டுமில்லே, இந்த வீட்டையும் வித்திருப்பேன். என்னை யாரு கேட்டீங்க?"

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. இன்று வரை பதில் கிடைக்கவும் இல்லை. கிணற்றடியில் அவரை விட்டுவிட்டு நாங்கள் பேசியது தவறென்றால், கோயிலில் அண்ணியை விட்டுவிட்டுப் பேசியதும் அதே தவறுதான். எண்ணை மறைத்தவர்கள்மேல் கோபித்துக்கொண்டு போன நான், போன இடத்தில் அதை ஒருவரிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணன் அதன் பிறகு பதினொரு மாதம் இருந்தார். நடுவில் நிற்கிற ஆளுக்கு இந்தப் பக்கம்தான். கடைசி இரண்டு மாதம் தவிர, சாயங்காலங்களில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று நண்பன் எழுதியிருந்தான்.

நான் அந்த வாரப் பத்திரிகைக்கு ஒரு திருத்தம் அனுப்பினேன். இவ்வளவு காலம் கழித்து யார் திருத்தம் போடுவார்கள், பழைய இதழ் யாரிடம் இருக்கப் போகிறது என்று பதில் வந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருப்பார்கள் என்று எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. ஆகவே அந்தத் திருத்தத்தை இங்கே வெளியிடுகிறேன். பழைய கட்டுரையை வெட்டி வைத்திருப்பவர்கள் இதையும் வெட்டி அதனோடு சேர்த்து ஒட்டிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

'கொல்லாமல் கொல்லும் மின்சாரம்', இரண்டாம் பக்கம், மூன்றாம் பத்தியின் முடிவில் சேர்த்துப் படிக்கவும்: "இந்தக் கருவி தலைக்கு வெளியே மாட்டுவது, நாளைக்குப் பதினெட்டு மணி நேரம். 695 பேரிடம் சோதித்ததில், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்கள் 16 மாதமும், கருவியும் மாட்டியவர்கள் 20.9 மாதமும் இருந்தார்கள். இவை நடுவில் நிற்பவரின் கணக்கு. ஐந்து வருஷம் இருந்தவர்கள் முறையே நூற்றுக்கு ஐந்து பேர், பதின்மூன்று பேர். விலை மாதம் 21,000 டாலர். மூளைக் கட்டிக்குள் பதித்துவைக்கும் கருவியை எலிகளில் சோதித்திருக்கிறார்கள்." கடைசிப் பத்தியை முழுவதும் அடித்துவிடவும்.